சத்தமில்லாமல் இறங்கிய லாரி

என் வீட்டுக்காரருக்கு வலது கால் மட்டும் இரும்பு. ஆக்சிலேட்டரில் வைத்தால் எடுக்கத் தெரியாது. இதை யாரும் வந்து எனக்குச் சொல்ல வேண்டாம். லாரி ஷெட்டில் எல்லா வண்டிக்கும் டீசல் போடுகிறவளே நான்தான். மற்ற லாரிகள் டீசல் குடித்தால், இவருடையது குடும்பத்தோடு வந்து குடிக்கும்.

முதலாளி ஒருநாள் டிரைவர்களை நிற்க வைத்துச் சொன்னார்: "இனிமே மைலேஜ்ல கடைசியா வர்ற வண்டிய வித்துருவேன். ஓட்டுறவர் வேற எடம் பாத்துக்கலாம்." சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் மற்ற எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். எனக்கு மானமே போயிற்று.

அன்றிலிருந்து நான் விடவில்லை. "டயர்ல காத்து பாத்தீங்களா? சும்மா நிக்கும்போது எஞ்சின ஓட விட்டீங்களா? தார்ப்பாய் படபடன்னு பறந்தா வண்டிய பின்னால இழுக்கும், இறுக்கிக் கட்டுங்க" என்று சாப்பாட்டு நேரத்திலும் நச்சரித்தேன். "தாயே, சோத்தையாவது நிம்மதியா தின்ன விடு" என்பார். முணுமுணுத்துக்கொண்டே எல்லாம் செய்தார். கொஞ்சம் தேறியது, அவ்வளவுதான்.

பிறகு பார்த்தால் திடீரென்று முதலிடம். அதே ஷெட்டில் சிமென்ட் லோடு அடிக்கிற என் தம்பி கடைசிக்குப் போய்விட்டான். "என்னங்க மாயம் பண்ணீங்க?" என்று கேட்டேன். "தொழில் ரகசியம்" என்று சிரித்தார். நானும் தலைகால் புரியாமல் ஷெட் முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டேன்.

போன வாரம் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போக அவர் லாரியிலேயே ஏறிக்கொண்டேன். பின்னால் முழு லோடு. ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கியதும் அவர் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் அடங்கிப்போனது. டயர் உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"என்னங்க, வண்டி நின்னு போச்சா?"

"நான்தான் ஆஃப் பண்ணேன். இறக்கம் முடியிற வரைக்கும் ஒரு சொட்டு செலவில்ல. இதான் ரகசியம்."

லாரிக்குப் பிரேக் பிடிப்பது காற்று. அந்தக் காற்றை நிரப்புவது எஞ்சின். எஞ்சின் ஓடாவிட்டால், மிதிக்க மிதிக்க இருக்கிற காற்றும் தீர்ந்துபோகும். ஷெட்டில் வண்டி கழுவுகிறவருக்குக்கூட இது தெரியும்.

"அதெல்லாம் நாலஞ்சு மிதி தாங்கும். நான் பாத்து வெச்சிருக்கேன்" என்றார்.

வளைவில் எதிரே ஒரு பஸ் வந்தது. மிதித்தார். அது போனதும் ஒரு சைக்கிள்காரர். மறுபடி மிதித்தார், விட்டார், மிதித்தார். காற்றின் அளவைக் காட்டுகிற முள் சிவப்புக்குள் விழுந்து, எச்சரிக்கை மணி அலறியது. எஞ்சின் ஓடாததால் ஸ்டியரிங்கும் கல்லாகிவிட்டது, இருக்கையிலிருந்து எழுந்து நின்று திருப்பினார். சாவியைத் திருப்பினால் எஞ்சின் இருமிவிட்டு அடங்கியது. இரண்டாம் முறை பிடித்தது, ஆனால் அந்த வேகத்தில் கியர் விழவில்லை. மலைப்பக்கச் சுவரில் உரசி உரசித்தான் லாரி நின்றது.

இறங்கினேன். பயம் போய் ஆத்திரம் வந்தது.

"கியர்லயே விட்டு ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எடுத்தாலே டீசல் போகாதே. உங்க புத்தி என்ன, புல் மேயப் போச்சா?"

அவர் காதில் எதுவும் விழவில்லை. நாங்கள் இறங்கி வந்த பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் தம்பி பின்னாலதான் வர்றான்" என்றார்.

"வரட்டும். அவனும் வந்து நீங்க பண்ணின கூத்தப் பாக்கட்டும்."

"அதில்ல. வேலை போயிரும் மாமான்னு அழுதான். எனக்கு மனசு கேக்கல. நேத்துதான் சொல்லிக் குடுத்தேன்."

உடனே தம்பிக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. ஒரு சொட்டு, ஒரு சொட்டு என்று இவர் உயிரை வாங்கிய நான்தான், அவன் எஞ்சின் ஓடட்டும், டேங்க் முழுக்க எரிந்து தீரட்டும் என்று அந்த நடுரோட்டில் நின்று வேண்டினேன்.

மேல் வளைவில் சிமென்ட் லாரி தலை காட்டியது. எஞ்சின் சத்தம் இல்லை. மணி அலறுவது மட்டும் கேட்டது. தம்பி எழுந்து நின்று ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். எங்களைத் தாண்டிப் போனபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை. நான் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியபடி பின்னால் ஓடினேன். அடுத்த வளைவு அவனை மறைத்தது. பிறகு ஒரு பெரிய சத்தம்.

லாரி பாறையில் முட்டி நின்றிருந்தது. சிமென்ட் புழுதியில் கண் திறக்க முடியவில்லை. தம்பிக்கு உயிர் இருந்தது. நசுங்கிய கேபினுக்குள் இரண்டு காலும் மாட்டியிருந்தன. "டேய், அக்கா வந்துட்டேன்டா" என்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் நின்றவரைத்தான் பார்த்தான்.

"மாமா, நீங்க சொன்ன எடத்துலதான் ஆஃப் பண்ணேன்" என்றான். "சரியாத்தானே பண்ணேன்?"

அவர் நெளிந்துபோன கதவைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார்.