இருசம்மாளை ஊதச் சொன்னார்கள்

அரிவாள்மணையில் கத்திரிக்காய் பாதி அரிந்தபடி நின்றிருந்தது. மணைப் பலகையில் உட்கார்ந்திருந்த இருசம்மாளின் தலை முன்னால் சாய்ந்து, திடுக்கென்று நிமிர்ந்து, மறுபடியும் சாய்ந்தது. இன்னும் ஒரு சாண் சாய்ந்திருந்தால் நெற்றி போய் அலகில் இடித்திருக்கும்.

சாம்பார் குண்டானைக் கிளறிக்கொண்டிருந்த ராஜாம்பாள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“அடிப் பாவி! மூஞ்சியக் கிழிச்சிக்கினு சாவப் போறியா? இன்னாடி தூக்கம் இது, அடுப்பாண்ட குந்திக்கினு?”

இருசம்மாள் விழித்தாள். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. “இல்லக்கா… கொஞ்சம் அசந்துட்டேன்” என்றாள். வார்த்தை குழறியே வந்தது. கத்திரிக்காயை எடுக்கப் போனாள். விரல் மடங்கவில்லை, காய் உருண்டு ஓடியது.

இந்தக் கண்ணையும் இந்தக் குழறலையும் ராஜாம்பாள் ஆயுசுக்கும் மறக்கமாட்டாள். அவள் கருணாபுரத்துக்காரி. அந்த விஷச் சாராயம் தெருவுக்குத் தெரு ஆளை வாரிக்கொண்டு போனபோது, அவள் புருஷன் அம்மாசியும் போனான். அவன் உயிரோடு இருந்த காலத்தில் இருந்த கோலமும் இதுதானே? காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பான், கையில் டம்ளர் நிற்காது, உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுவான். இருசம்மாளும் சில மாதங்களாக அப்படித்தான் இருந்தாள். காலையில் மெஸ்ஸுக்குள் வரும்போதே சுவரைத் தடவிக்கொண்டு வருவாள். டம்ளரைக் கீழே போடுவாள். மத்தியானத்துக்குள் கண் சொருகிவிடும்.

போதாக்குறைக்கு அவள் கல்வராயன் மலைக்காரி. மகள் எழில்மதியை காலேஜில் படிக்க வைப்பதற்காக மலையை விட்டு இறங்கி வந்து, வாடகைக்கு ஒற்றை அறை பிடித்துக் குடியிருப்பவள். மலையில் சாமை விளைகிறது, மரவள்ளி விளைகிறது, கடுக்காய் விளைகிறது. அதெல்லாம் கீழே இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரியுமா? மலைக்காரி என்று சொன்னவுடன் அங்கே காய்ச்சுகிற சாராயம்தான் ஞாபகத்துக்கு வரும். ராஜாம்பாளுக்கும் அதேதான் வந்தது. சந்தேகமே இல்லை, இவளும் குடிக்கிறாள் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். ஒரே அடுப்படியில் நின்று வேலை செய்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்டாளா? இல்லை. நேரே முதலாளியம்மாவிடம் போனாள்.

மெஸ் அனிட்டாவுடையது. கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்ததால் வக்கீல்களும் குமாஸ்தாக்களும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கேதான் வருவார்கள். அனிட்டா கெட்டவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகத் தவறமாட்டாள், பசி என்று வந்தவரைச் சும்மா அனுப்பமாட்டாள். ஆனால் மெஸ்ஸின் பேர் என்று வந்துவிட்டால் அவளுக்குக் கண் மண் தெரியாது.

“குடிச்சிட்டு வந்து என் வாடிக்கைக்காரங்களுக்குச் சமைக்கிறாளா? கூப்புடு அவள!”

கொஞ்சம் ஓரமாகக் கூப்பிட்டு விசாரித்திருக்கலாம். அந்த மரியாதையெல்லாம் அடுப்படிப் பெண்பிள்ளைக்கு எதற்கு? கல்லாவுக்கு முன்னால், இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, இருசம்மாளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. வேடிக்கை என்றால் நம் ஆட்களுக்குச் சோறு கூட இறங்காது.

“ஊது” என்றாள் அனிட்டா.

“அம்மா?”

“வாயத் தொறந்து ஊதுன்னேன்.”

“எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்லம்மா. என் பொண்ணு மேல சத்தியமா இல்ல.”

“அப்ப ஊதறதுக்கு இன்னா பயம்? ராஜாம்பா, நீ வந்து மோந்து பாரு. ஒனக்குத்தான் அந்த வாடை நல்லாத் தெரியும்.”

அந்தக் கடைசி வார்த்தை ராஜாம்பாளைச் சுருக்கென்று தைத்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். ஆனாலும் போனாள். தான் பற்றவைத்த நெருப்பு ஆயிற்றே, எப்படி ஒதுங்குவது?

இருசம்மாள் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஊதினாள்.

அம்மாசியோடு ஒரே பாயில் படுத்து எழுந்தவள் ராஜாம்பாள். அந்த நாற்றம் ஒரு துளி இருந்தாலும் அவள் மூக்குக்குத் தப்பாது. இங்கே வாயில் டீ வாடை அடித்தது. உடம்பிலிருந்து வலித் தைலத்தின் நெடி வந்தது. அவ்வளவுதான்.

“இல்லம்மா” என்றாள், தலையைக் குனிந்துகொண்டு. “குடிக்கல.”

“குடிக்கலன்னா பட்டப்பகல்ல ஏன் தூங்கி விழறா?”

இருசம்மாள் இரண்டு கையையும் நீட்டினாள். விரல் கணுக்கள் ஒவ்வொன்றும் வீங்கிப் பளபளத்தன.

“முடக்குவாதம்மா. ராத்திரியானா கணுக் கணுவா எரியும். இந்தப் பக்கம் படுத்தா தோளு, அந்தப் பக்கம் படுத்தா இடுப்பு. முழங்காலக் கட்டிக்கினு குந்தியே விடிய வைப்பேன். காலையில கையும் காலும் கட்ட மாதிரி இருக்கும், செவுத்தப் புடிச்சிக்கினுதான் நடக்கணும். வேலையில தூங்கக் கூடாதேன்னு சாயங்காலம் வரைக்கும் டீ மேல டீயா ஊத்திக்குவேன். பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா அதுக்கும் திட்டிச்சி. அந்த டீதான் ராத்திரி தூக்கத்த இன்னும் கெடுக்குதாம். மாத்திரைய விடாம போடு, சாயங்காலம் டீய நிறுத்து, மத்தியானம் கொஞ்ச நேரம் கண்ண மூடு, தவறாம வந்து காட்டுன்னு சொல்லிச்சி. நான் எங்கம்மா போறது? லீவு போட்டா வேற ஆளப் பாத்துக்குவீங்க. சீக்குக்காரின்னு தெரிஞ்சா வேலைக்கு வச்சிப்பீங்களா?”

இந்த இடத்தில் அனிட்டா என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். அவள் சொன்னதைக் கேளுங்கள்.

“குடிக்கல, சரி. ஆனா தூங்கறவளுக்கு இங்க வேல கெடையாது. அருவாமணையில வுழுந்து வச்சா யாரு கோர்ட்டுக்கு அலையறது? இன்னியோட நின்னுக்கோ.”

என்ன நியாயம் இது! குடித்தாள் என்று நிறுத்திவைத்து, குடிக்கவில்லை என்று தெரிந்த பிறகும் அதே தண்டனையா? வாடகை என்ன ஆகும், மருந்து என்ன ஆகும், படிக்கிற பெண் கதி என்ன என்று ஒருத்தர் வாய் திறக்கவில்லை. சட்டம் படித்தவர்கள் அத்தனை பேர் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மோர் எங்கே என்றுதான் கேட்டார்கள்.

இருசம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் பையை எடுக்கத் திரும்பினாள். அப்போதுதான் ராஜாம்பாளுக்கு உறைத்தது. அவள் ஒழிக்க நினைத்தது குடியை. ஒழிந்துபோனது ஒரு நோயாளியின் பிழைப்பு.

“நில்லுடி” என்று அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். “அம்மா, தூங்கறவங்களுக்கு வேல கெடையாதா? வாங்க, பின்னால வந்து பாருங்க. பரோட்டா மாஸ்டர் தமிழழகன் அரிசி மூட்ட மேல கொறட்ட வுட்டுக்கினு கெடக்கறான். நேத்து ஏத்துனது இன்னும் எறங்கல. ஊரே நாறுது. அவன என்னிக்காச்சும் ஊதச் சொன்னீங்களா? ‘மாஸ்டர் அசந்து தூங்கறாரு, சத்தம் போடாதீங்க’ன்னு நீங்கதான எங்கள அடக்கறீங்க? குடிச்சிட்டுத் தூங்கறவன் மாஸ்டரு, வலியில தூங்கறவ சோம்பேறியா?”

“அவன் வேல சாயங்காலம்தான…” என்று அனிட்டா இழுத்தாள்.

“அப்ப இவளுக்கும் நேரத்த மாத்திக் குடுங்க. காலையில காய் அரியறத நான் பாத்துக்கறேன். வெறைப்பு வுட்டு கை விரிஞ்சப்புறம் வரட்டும். அருவாமணையும் அடுப்பும் இவளுக்கு வேணாம். அரிசி பொறுக்கட்டும், பந்தி பாக்கட்டும். கூட்டம் அடங்குனதும் கொஞ்ச நேரம் கட்டையச் சாய்க்கட்டும். ஆஸ்பத்திரி நாளுல போயிட்டு வரட்டும். முடியாதுன்னா நாளைக்கு எனக்கும் சேத்து ஆள் தேடிக்கோங்க.”

ராஜாம்பாளின் சாம்பார் இல்லாவிட்டால் அந்த மெஸ்ஸுக்கு யார் வருவார்கள்? அனிட்டா வாடிக்கைக்காரர்களைப் பார்த்தாள். இப்போது அவர்கள் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “சரி, சரி. ஆவறதப் பாரு. கத்தாத” என்று சொல்லிவிட்டுக் கல்லாவில் போய் உட்கார்ந்தாள்.

ராஜாம்பாள் இருசம்மாள் பக்கம் திரும்பினாள். எப்படி வாங்கிக் கொடுத்தேன் பார் என்று அவள் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இருசம்மாள் கும்பிடவில்லை, சிரிக்கவும் இல்லை.

“எனக்காகச் சண்ட போட்ட. அத மறக்க மாட்டேன்க்கா. ஆனா இத்தினி மாசமா எங்கூடவே நின்ன. ‘ராத்திரி தூங்குனியாடி’ன்னு ஒரு வார்த்த கேட்டியா? கேட்டிருந்தா ஒங்கிட்ட சொல்லியிருப்பேனே. இத்தினி ஆம்பளைங்க முன்னால வாயத் தொறந்து ஊதியிருக்க மாட்டேனே.”

அம்மாசி செத்தபோது கூடப் பொது இடத்தில் அழாத ராஜாம்பாள் இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்பினாள்.

“கேட்டுக்கோங்கய்யா. கேக்காத வுட்டது என் தப்பு. வேடிக்க பாத்தது ஒங்க தப்பு. பகல்ல ஒருத்தர் தூங்கி வுழுந்தா குடிகாரன், சோம்பேறின்னு பேரு வைக்கறதுக்கு முன்னாடி, ராத்திரி தூங்குனீங்களா, ஒடம்புக்கு இன்னான்னு கேளுங்க. சீக்கு வந்தது அவங்க குத்தமில்ல. அத வெளிய சொல்ல முடியாதபடி பயமுறுத்தி வச்சிருக்கமே, அதுதான் நம்ம குத்தம்.”

ராஜாம்பாள் சுவரோரமாகப் பாயை விரித்தாள்.

“படுடி. நான் எழுப்பறேன்.”