நாலுக்கு ரெண்டே முக்கால்

லெப்டினன்ட் ஸ்டான்ஃபில் பென்சிலைத் திருப்பிப் பிடித்து, அதன் ரப்பர் முனையால் காகிதத்தின் முதல் வரியைத் தட்டினான். "பிரச்சனை இங்கதான் இருக்கு, ஐயா."

ஹாய்ட் பெவில் காகிதத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பையனின் நகங்களைத்தான் பார்த்தார். சுத்தமான நகங்கள். ஆயுசில் ஒரு தடவைகூட எண்ணெய் வடிகட்டியைக் கழற்றி மாட்டாத கை. அந்தக் கைதான் இப்போது அவர் மகள் விமானம் ஓட்டலாமா கூடாதா என்று சொல்லிக்கொண்டிருந்தது.

ஜாக்சன் நகரத்துக் கடற்படை ஆளெடுப்பு அலுவலகம் அது. ஒரு பக்கம் செருப்புக் கடை, இன்னொரு பக்கம் பல் டாக்டர். சுவரில் பளபளவென்று ஒரு ஜெட் விமானத்தின் படம். இருபத்துநாலு வயது டெல்லா அதற்குக் கீழே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். புதுச் சட்டையின் மடிப்புக்கோடுகள் தோளில் இன்னும் அழியாமல் இருந்தன.

"என் பொண்ணு ஆயிரத்து நூறு மணி நேரம் ஓட்டியிருக்கா," என்றார் ஹாய்ட். "அதுவும் தரையிலேருந்து எட்டடி உயரத்துல. கரண்டுக் கம்பிக்கு அடியில பூந்து வெளிய வருவா. உங்க ஆளுங்கள்ல எவனாவது வரச் சொல்லு, பாப்போம்."

"அதுல எனக்குச் சந்தேகமே இல்ல ஐயா. விமானிக்கான பரீட்சையில இவங்க வாங்கின மார்க்க நான் இதுக்கு முன்னால பாத்ததே இல்ல. ஆனா தேர்வுக் குழு உக்காந்து இந்தக் கட்டைப் பிரிச்சா, கண்ணுல படுற மொத எண்ணு கல்லூரி மார்க் சராசரிதான். நாலுக்கு ரெண்டே முக்கால். மூணுக்குக் கீழ இருந்தா அடுத்த பக்கத்தையே திருப்ப மாட்டாங்க. பொண்ணுங்களுக்கு இருக்கிறதே நாலஞ்சு இடம். மூணரை வச்சிருக்கவங்களே வரிசையில நிக்கிறாங்க."

"எண்ணு விமானம் ஓட்டுமா?"

"அப்பா, சும்மா இரு," என்றாள் டெல்லா.

லெப்டினன்ட் அடுத்த தாளை எடுத்தான். அது கல்லூரியின் மதிப்பெண் தாள். எட்டுப் பருவங்களில் ஏழு நன்றாகவே இருந்தன. எண்பத்தாறாம் வருஷத்து இலையுதிர்ப் பருவத்தில் மட்டும் வரிசையாக ஐந்து பாடங்கள், ஐந்திலும் எஃப், தோல்வி. "இந்த ஒரு பருவத்த எடுத்துட்டா உங்களுக்கு மூணு புள்ளி ஒண்ணு வருது," என்றான். "என்னம்மா ஆச்சு அப்போ?"

டெல்லா சொன்னாள். அந்தச் செப்டம்பரில் டாக்டர் அப்பாவின் இதயத்தைச் சோதித்துவிட்டு, இனிமேல் விமானம் ஓட்டக் கூடாது என்று சர்டிபிகேட்டைப் பிடுங்கிக்கொண்டார். விமானத்திலிருந்து பயிருக்கு மருந்தடிப்பதுதான் அவர்கள் தொழில். பருத்தி பறிக்கும் முன்னால் இலை உதிர்க்கும் மருந்து அடித்தாக வேண்டும். அதற்கு ஆறு வாரம்தான் உண்டு, ஒரு நாள் தவறினாலும் மழை வந்துவிடும். அவள் கல்லூரியில் சொல்லி ஐந்து பாடத்தையும் பாதியில் நிறுத்திவிட்டு ஊருக்கு வந்தாள். 'முடிக்கவில்லை' என்று போட்டுக் கொடுத்தார்கள். திரும்பி வந்து பரீட்சை எழுதினால் சரியாகிவிடும். எழுத வேண்டிய தேதியைத் தபாலில் தெரிவிப்போம் என்றார்கள்.

"தபால் வரல சார். தேதி போன பிறகு 'முடிக்கவில்லை' எல்லாம் தானா எஃப் ஆயிடுச்சு. நாங்க அனுப்பிட்டோம்னு கல்லூரியில அடிச்சுச் சொல்றாங்க. கோடையில அந்தப் பாடங்கள மறுபடியும் படிச்சுப் பட்டம் வாங்கிட்டேன். ஆனா பழைய எஃப் கணக்குலேருந்து போகாதாம்."

லெப்டினன்ட் பென்சிலைக் கீழே வைத்தான். "இதே மாதிரி ஒரு பையன் வந்தான். அவன் பாட்டி, 'தபால் வந்துச்சு, நான்தான் அவன்கிட்ட குடுக்க மறந்துட்டேன்'னு ஒரு காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. கல்லூரியில அந்தப் பருவத்தையே எடுத்துட்டாங்க. பையன் இப்போ பென்சகோலா பயிற்சித் தளத்துல பறந்துட்டிருக்கான்." அவன் ஹாய்ட்டைப் பார்த்தான். சந்தேகமெல்லாம் இல்லை, வெறும் மரியாதை. "வீட்டுல யாராவது வாங்கி எங்கயாவது வச்சிருக்கலாம் இல்லையா, ஐயா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? அக்டோபர் இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை. நீளமான வெள்ளை உறை, மூலையில் கல்லூரி முத்திரை. ஹாய்ட் ஏழாம் வகுப்போடு நின்றவர். ஆனாலும் தேதி படிக்கத் தெரியும். முப்பதாம் தேதிக்குள் நேரில் வந்து ஐந்து பரீட்சையும் எழுத வேண்டும் என்று போட்டிருந்தது. அன்றைக்கு மருந்தடிக்க நாலாயிரம் ஏக்கர் மிச்சம். வேறு ஓட்டி கிடையாது. கத்தியால் உறையைக் கிழித்துப் படித்தார், மடித்தார், கொட்டகை அலமாரியில் இருந்த காபித்தூள் டப்பாவில் போட்டார். கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் அவர் எந்தக் காகிதத்தையும் கிழிக்கிற ஆள் இல்லை. அரசாங்கமோ பாங்கோ பள்ளிக்கூடமோ, எவன் அனுப்பிய காகிதமானாலும் நாளைக்கு அவனே வந்து அனுப்பவில்லை என்பான். கையில் அத்தாட்சி வேண்டும். நாற்பது வருஷமாக அப்படித்தான். மருந்தடிப்பு முடிந்ததும் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தார். முடிந்தபோது தேதியும் முடிந்திருந்தது. 'தபால் எதுவும் வந்துச்சா அப்பா?' என்று அவள் கேட்டபோது, வரவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் கூசவில்லை.

இப்போதும் கூசவில்லை. "வரல," என்றார். "வீட்டுல தபாலப் பிரிக்கிறது நான் ஒருத்தன்தான். வந்திருந்தா எனக்குத் தெரியாமப் போகுமா?"

"அப்போ ஒண்ணும் பண்ண முடியாது," என்றான் லெப்டினன்ட். "இருந்தாலும் அனுப்பி வைக்கிறேன்."

திரும்பி வரும் வழியில் டெல்லா புதுச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினாள். பிறகு, "என் தப்புதான்," என்றாள். "தேதி என்னன்னு நானே ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கணும். நீ சொன்ன வேலையப் பாத்துக்கிட்டு அப்படியே இருந்துட்டேன்."

"ஆமா," என்றார் ஹாய்ட். "கேட்டிருக்கணும்."

அதைச் சொல்லிவிட்டு ஜன்னலை இறக்கிப் புகையிலையைத் துப்பினார். டெல்லா தலையை ஆட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரமே ஹாய்ட் டவுனிலிருந்து பெயிண்டரைக் கூட்டிவந்து, கொட்டகைத் தகரத்தில் 'பெவிலும் மகளும், பயிர் மருந்தடிப்பு' என்று ஆளுயர எழுத்தில் எழுதவைத்தார். கடற்படையின் பதில் வருவதற்கு ஏழு வாரம் இருந்தது. பதில் வந்த அன்று பெயிண்ட் என்றைக்கோ காய்ந்து, 'மகளும்' மேல் குருவி எச்சமிட்டிருந்தது. ஒரே ஒரு பத்தி. தேர்வாகவில்லை, ஆர்வத்துக்கு நன்றி. டெல்லா அந்தத் தகரத்துக்குக் கீழே நின்று இரண்டு தடவை படித்தாள்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் ஹாய்ட். "நம்மள மாதிரி ஆளுங்கள அவனுங்க எடுக்க மாட்டானுங்க. பெரிய வீட்டுப் புள்ளைங்களுக்கான இடம் அது. விடு."

மருந்து கலக்கும் க்ளோவிஸ், பதினெட்டு வருஷமாக அங்கே வேலை பார்ப்பவன், வாளியைக் கழுவிக்கொண்டே சொன்னான்: "நல்லதாப் போச்சு தாயி. விமானத்தக் கொண்டுபோய்க் கப்பல் மேல இறக்கணுமாம்ல? நம்ம ஓடுபாதை ஆடாது, அசையாது. மழை பெஞ்சா மட்டும் கொஞ்சம் நீஞ்சும், அவ்வளவுதான்."

டெல்லா சிரித்தாள். அன்று ராத்திரி ஹாய்ட் நன்றாகத் தூங்கினார். உண்மையைச் சொல்வதில் என்ன இருக்கிறது, பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் நன்றாகத் தூங்கினார்.

மறுபடியும் செப்டம்பர் வந்தது. பருத்திக்காய்கள் வெடித்து, இலைக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக எட்டிப் பார்த்தன. இலை உதிர்க்கும் மருந்தின் வாடை, அழுகின முட்டைக்கோசை வேகவைத்த மாதிரி, சாப்பாட்டிலும் தலையணையிலும் ஏறிக்கொண்டது. மூன்றாம் வாரம் ஹாய்ட் உதிரிச் சாமான் வாங்க கிரீன்வில் போயிருந்த நாளில், விமானச் சோதனை அதிகாரி முன்னறிவிப்பில்லாமல் வந்து போயிருந்தான். சாயங்காலம் திரும்பி வந்தபோது டெல்லா விமானத்தின் முகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எஞ்சின் பழுதுபாத்த பழைய ரசீதெல்லாம் கேட்டான்," என்றாள், கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமல்.

"என்ன பண்ணின?"

"குடுத்தேன். காபி டப்பாவுல எல்லாம் இருந்துச்சு."

"எல்லாமா?"

"எல்லாம்."

துணியை மடித்துக் காற்சட்டைப் பையில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். ஹாய்ட் அலமாரியைப் போய்ப் பார்த்தார். டப்பா இருந்த இடத்திலேயே இருந்தது. மூடி இறுக்கமாக இருந்தது. உள்ளே ரசீதுகள், வரிக் காகிதங்கள், டெல்லா பிறந்த ஆஸ்பத்திரிச் சீட்டு. நீள வெள்ளை உறை இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் அவள் சோளரொட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். உப்பு போதுமா என்று கேட்டாள். போதும் என்றார். கத்தினாலாவது பரவாயில்லை. தட்டை எடுத்து எறிந்தாலாவது பரவாயில்லை. அவள் பாத்திரம் கழுவி, விளக்கை அணைத்து, படுக்கப் போய்விட்டாள்.

காலையில் க்ளோவிஸ் வழக்கம்போல வெள்ளைக் கொடியை எடுத்தான். கொடி பிடிக்கிறவன் வயலின் விளிம்பில் நின்று விமானத்துக்குக் கோடு காட்ட வேண்டும். விமானம் தன்னை நோக்கித் திரும்பியதும் பதினைந்து எட்டு வைத்து நடந்து அடுத்த கோட்டில் நிற்க வேண்டும்.

"நீ மருந்தக் கலக்கு க்ளோவிஸ்," என்றாள் டெல்லா. "இன்னிக்கு அப்பா கொடி பிடிக்கட்டும்."

"அண்ணனா?" க்ளோவிஸ் சிரித்தான். "அவரு கொடி பிடிச்சு இருபது வருஷம் இருக்கும். இருக்கிற இதயத்த வச்சுக்கிட்டு வயல்ல நடக்கச் சொல்றியே."

"நடக்கட்டும்." தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். பிறகு ஹாய்ட்டைப் பார்த்தாள். டப்பாவுக்குப் பிறகு நேராகப் பார்த்தது அப்போதுதான். "கிழக்கு ஓரத்துலேருந்து ஆரம்பி. மேற்காப் போ."

காற்று கிழக்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. க்ளோவிஸ் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். மருந்தடிப்பவர்களில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்: கொடிக்காரன் காற்றை எதிர்த்துத்தான் நடப்பான், அடித்த மருந்து அவனுக்குப் பின்னால் போய்விடும். காற்றோடு நடந்தால் ஒவ்வொரு கோட்டின் மருந்தும் அவன் மேலேயே வந்து இறங்கும். இதை டெல்லாவுக்கு அவள் பன்னிரண்டு வயதில் கற்றுக்கொடுத்தவர் ஹாய்ட்.

"அம்மாடி, காத்து—" என்றான் க்ளோவிஸ்.

"காத்து எங்க வீசுதுன்னு அப்பாவுக்குத் தெரியும். தெரியாமப் போகுமா?"

ஹாய்ட் கொடியை வாங்கிக்கொண்டார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். கொட்டகை அவருடையது, விமானம் அவருடையது, ஆள் அளவு எழுத்தில் பேர் அவருடையது. வண்டியை எடுத்துக்கொண்டு போய் கிழக்கு மூலையில் நிறுத்தினார். இடுப்பு உயரப் பருத்தி, பனியில் நனைந்து கிடந்தது. கொடியைத் தலைக்கு மேலே உயர்த்தினார்.

வயலின் அந்தக் கோடியில் மஞ்சள் விமானம் மரங்களைத் தாண்டி இறங்கியது. செடிகளின் தலையை மழிக்கிற மாதிரி வந்தது. அழகாகத்தான் வந்தது, இந்த மாவட்டத்தில் வேறு எவனாலும் அப்படிக் கொண்டுவர முடியாது. இறக்கைக்குப் பின்னால் வெள்ளைத் திரை நேராக விரிந்தது. அவர் எண்ணிக்கொண்டே மேற்கே நடந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. பதினைந்தில் நின்று திரும்பினார். கொடிக்காரனுக்கு நூறு கஜம் முன்னால் விமானி மருந்துக் குழாயை மூடிவிட வேண்டும். அதையும் அவர்தான் கற்றுக்கொடுத்தார்.

நூறு கஜம் வந்தது. திரை நிற்கவில்லை.

விமானம் அவருக்குப் பக்கத்தில் தொப்பி பறக்கக் கடந்து போனது. கண்ணாடிக்குப் பின்னால் தலைக்கவசம் முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளைப் புகை காற்றில் மெல்லச் சாய்ந்து, அவசரமே இல்லாமல் அவரை நோக்கி வந்து, கொடியையும் கையையும் முகத்தையும் மூடியது. கண் எரிந்தது. நாக்கில் அழுகின முட்டைக்கோஸ். மேலே எஞ்சின் ஏறித் திரும்பும் சத்தம் கேட்டது.

ஈரக்கொடி கம்பில் ஒட்டிக்கொண்டது. ஹாய்ட் அதை விரலால் பிரித்துவிட்டு, மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார், மேற்கே.