ஒரே வீட்டில் இரண்டு மாரடைப்பு

தனசிங்குக்கு மாரடைப்பு வந்த வருடம் சேலையூரில் அந்த வீடே அவரைச் சுற்றி இயங்கியது. பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்த ஞானஜோதி நீண்ட விடுப்புப் போட்டாள். கணவருக்கு உப்புக் குறைத்துத் தனியாகச் சமைத்தாள். மாத்திரையைக் கையில் கொடுத்து அவர் விழுங்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். மருத்துவமனையில் இதய நோயாளிகளுக்கு நடத்தும் உடற்பயிற்சி வகுப்புக்கு ஆட்டோவில் கூட்டிப்போய், முடியும்வரை வெளியே காத்திருந்தாள். ரயில்வேயில் ஓய்வுபெற்றிருந்த தனசிங் நன்றாகத் தேறிவிட்டார்.

அடுத்த ஆண்டு அவளுக்கே வந்தது. தாடை வலித்தது, வியர்த்தது, குமட்டியது. வாயு என்று நினைத்துச் சுக்குத்தண்ணீர் குடித்து மதியம்வரை பொறுத்தாள். அதே மருத்துவமனையில் அவளுக்கும் ரத்தக்குழாய் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். வீடு திரும்பிய வாரமே, நாவலூரில் வேலை பார்க்கும் மகள் சுஜி ஆபீசுக்குக் கிளம்பினாள். ஞானஜோதி அடுப்படிக்குப் போனாள். உடற்பயிற்சி வகுப்பைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

சில மாதங்கள் கழித்து, தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஏறும்போது மூச்சு வாங்கிப் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்ததும் வேலைக்குப் போகாமல் நேராக மருத்துவமனைக்குப் போனாள்.

"டென்ஷனா இருக்கும்மா. இந்த வயசுல அப்படித்தான். ரெஸ்ட் எடுங்க, சரியாயிடும்" என்றார் இளம் டாக்டர்.

ஞானஜோதி நாற்காலியை விட்டு நகரவில்லை. "சார், என் ஹஸ்பெண்டுக்கும் இங்கதான் ஸ்டென்ட் வெச்சீங்க. லேசா மூச்சு வாங்குதுன்னு அவர் சொன்னதுமே எக்கோ எடுத்தீங்க. எனக்கும் எடுங்க. எடுத்தப்புறம்தான் நான் போவேன்."

குரலை அவள் உயர்த்தவில்லை. டாக்டர் சீட்டை இழுத்து, இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோவுக்கு எழுதினார்.

இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் சக்தி குறைந்திருந்தது. பெரிய டாக்டர் ரேஷ்மா அவளை அழைத்து உட்காரவைத்துப் பேசினார். ஸ்டென்ட் வைத்த புதிதில் அவளுக்குத் தலைசுற்றியதால் குறைத்த மாத்திரையை, அதன்பிறகு யாரும் திரும்பக் கூட்டவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"ஸ்டென்ட் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. ஆனா வருஷம் போகப்போக லேடீஸ்தான் அதிகமா திரும்ப அட்மிட் ஆகுறாங்க. வயசு, சுகர்னு காரணம் இருக்கு. ஆனா மருந்தைச் சரியா கொடுக்காததும், பயிற்சிக்கு அனுப்பாததும் எங்க மேலதான் தப்பு."

"அப்ப இன்னிக்கே அனுப்புங்க டாக்டர்."

அன்று மாலை வீட்டில் அவள் விஷயத்தைச் சொன்னதும் தனசிங் முதலில் கேட்டது மதியச் சாப்பாட்டைப் பற்றித்தான்.

"கிளாஸ் இருக்கிற நாள்ல நீங்க சமைங்க."

"எனக்கு எங்க ஜோதி சமைக்கத் தெரியும்?"

"உப்பு குறைச்சு ருசியா சமைக்க எனக்கு மட்டும் தெரிஞ்சுதா? உங்களுக்காகக் கத்துக்கிட்டேன்."

அவர் முகம் வாடியது. மறுநாள் காலையில் அவர் வெங்காயம் நறுக்குவதைப் பார்த்து சுஜி சிரித்தாள். "சிரிக்காத, பருப்புக்கு எவ்ளோ தண்ணி வைக்கணும்னு சொல்லு" என்றார்.

வகுப்பில் மற்ற எல்லோரும் ஆண்கள். முதல் நாள் டிரெட்மில்லில் சற்று நேரத்துக்குள் அவள் கால் நடுங்கியது. பயிற்சி கொடுத்த ஜாய்சன், "போதும் ஆன்ட்டி, வீட்டுக்குப் போங்க" என்றான்.

"கொஞ்சம் உக்காந்துட்டு மறுபடி நடக்கறேன் தம்பி."

நடந்தாள். தவறாமல் வந்தாள். மழைக்காலம் முடிந்தபோது எடுத்த எக்கோவில் முன்னேற்றம் தெரிந்தது. முழுதாகச் சரியாகவில்லை என்று ரேஷ்மா மறைக்காமல் சொன்னார். சரியாகும் அளவுக்கு ஆகட்டும் என்று ஞானஜோதி தொடர்ந்தாள்.

அன்று வெளியே வந்தபோது, மருந்துக்கடை வரிசையில் ஒரு பெண் சுவரைப் பிடித்து நின்றிருந்தாள். பெயர் எல்லம்மா, பெரும்பாக்கம் குடியிருப்பு. ஸ்டென்ட் வைத்து அன்றுதான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"எக்சர்சைஸ் கிளாஸுக்கு வரச் சொன்னாங்களா?"

"அதெல்லாம் ஆம்பளைங்களுக்குக்கா. நான் வந்துகினு இருந்தா வூட்ல யாரு ஆக்குறது?"

"உன் வீட்டுக்காரர் எங்க?"

எல்லம்மா வாசலில் நின்ற கணவரைக் காட்டினாள். ஞானஜோதி அவரைக் கூப்பிட்டாள். இருவரையும் அழைத்துக்கொண்டு, ரேஷ்மாவின் அறைக் கதவைத் தட்டினாள்.