கரையிலேயே நங்கூரம்

வீட்டு வாசலில் லாரியோடு பூட்டி மூன்று தடவை பின்னால் தள்ளிப் பார்த்தாள் ரோவீனா. படகு ஏற்றிய ட்ரெய்லர் சொன்ன பேச்சைக் கேட்டது. படகுத்துறைக்கு வந்ததும் அடம் பிடித்தது.

இரண்டு வாரமாக ஓய்வு நேரமெல்லாம் அதன் அடியில்தான் கிடந்தாள். துருப்பிடித்த பிரேக் குழாய்களைக் கழற்றிப் புதியவை போட்டாள். பழைய டிரம் பிரேக் இருந்த இடத்தில் இப்போது டிஸ்க் பிரேக். ஒயர், விளக்கு எல்லாம் புதுசு. அடுத்த சனிக்கிழமை தோழி இவாவோடு கனடா எல்லை ஏரிக்குப் படகைத் தானே இழுத்துப் போக ஆசை. கணவன் டுவேன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தான்: மீன்பிடிப் பருவம் தொடங்கும் இன்று, எந்தத் தகராறும் இல்லாமல் படகை இறக்கிக் காட்ட வேண்டும்.

தண்ணீருக்கு முன்னால் சிறிய சரளை மேடு. ரிவர்ஸ் போட்டு அழுத்தினாள். ட்ரெய்லர் சக்கரங்கள் உருளாமல் சரளைக்கல்லை வாரிக்கொண்டு தேய்ந்தன. முன்னால் எடுத்தால் லேசாக வந்தது. மறுபடி பின்னால் தள்ளினாள். அதே தேய்ப்பு.

வரிசையில் காத்திருந்த தாடிக்காரர் தலையை நீட்டினார். "என்ன மேடம், கரையிலயே நங்கூரம் போட்டுட்டீங்களா?"

டுவேன் ஜன்னலருகே வந்தான். "கடையில குடுக்கலாம்னு அப்பவே சொன்னேன்."

"வீட்டுல பின்னால போச்சே! நீயும்தானே பாத்த?"

"பாத்தேன். இங்க போகலையே."

குழாயில் காற்றா? காற்று இருந்தால் பிரேக் பிடிக்கவே பிடிக்காது. அடைப்பா? அடைத்தால் முன்னால் போகும்போதும் பிடிக்குமே. வழியில் ஏதாவது அறுந்துவிட்டதா? இந்தப் புது டிஸ்க் பிரேக், லாரி பின்னால் தள்ளினாலே பிடித்துக்கொள்ளும். லாரியின் ரிவர்ஸ் விளக்கிலிருந்து வரும் நீல ஒயரில் மின்சாரம் ஓடினால்தான் விடும். இறங்கிப் பின்பக்கம் போனாள். ட்ரெய்லரில் ஒரு விளக்குகூட எரியவில்லை. காலையில் எல்லாம் எரிந்தனவே!

ஒயரைத் தடவிக்கொண்டே முன்னால் வந்தாள். லாரியின் பம்பருக்குக் கீழே ட்ரெய்லர் ஒயரின் பிளக் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"இதப் பிடுங்கினது யாரு?"

"நான்தான். தண்ணிக்குள்ள விடறதுக்கு முன்னாடி பிடுங்கணுமே. சூட்டோட பல்பு நனைஞ்சா வெடிச்சிடாதா?"

ரோவீனா வரிசையைப் பார்த்தாள். தாடிக்காரரின் பிளக்கும் தொங்கியது. அவருக்குப் பின்னால் நின்றவரின் பிளக்கும்தான்.

"டுவேன், இது எல்.இ.டி. நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது."

"சரி. விளக்குக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்?"

ரோவீனா பிளக்கைச் செருகிவிட்டு லாரியில் ஏறினாள். ரிவர்ஸ் போட்டதும் பிரேக் 'டக்' என்று விட்டது. ட்ரெய்லர் மேட்டில் ஏறி, மறுபக்கம் இறங்கி, படகைத் தண்ணீரில் மிதக்கவிட்டது.

டுவேன் பிளக்கையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "விளக்கு எரிஞ்சாதான் வண்டி பின்னால வருமா? எனக்கு ஒண்ணும் புரியல."

"உனக்குப் புரிய வைக்கணும்னா சனிக்கிழமைப் பயணம் தள்ளிப் போயிடும்."

"அதெல்லாம் தள்ள வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க." லாரியின் பின்பக்கத்திலிருந்து ஓர் அடி விலகி நின்றுகொண்டான். "நான் இனிமே எதையும் தொடல."