முப்பத்தோரு மூக்குகள்

நகரத்தின் ஐந்து மாடிப் பெருங்கடையில் காட்சி அலங்காரத் தலைவராக இருப்பவரிடம் நுட்பமான அளவுகோல் ஒன்று உண்டு. அது மூக்கு.

கிறிஸ்துமஸுக்காக அவர் ஜோடிக்கும் முகப்புக் கண்ணாடியில் எத்தனை மூக்குத் தடம் விழுந்திருக்கிறது என்று கண்ணாடி துடைக்கும் அம்மா காலையில் எண்ணிச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்த அம்மா துணியை வாளியில் நனைக்கலாம். வெறுமனே நின்று பார்த்தவர்களைத் தலைவர் கணக்கில் சேர்ப்பதில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவனும்தான் நிற்கிறான். கண்ணாடி குளிர்ந்திருக்கும் என்று தெரிந்தும் மூக்கை வைத்தவன்தான் ரசிகன் என்பது அவர் கொள்கை.

போன வருஷம் நாளைக்கு நூற்று நாற்பது மூக்குகள் விழுந்தன. இந்த வருஷம் அவர் எடுத்துக்கொண்ட கரு 'நித்தியத்தின் மௌனம்'. எட்டு வெள்ளை மான்கள், ஒரு வெள்ளி அருவி, நாற்பதாயிரம் பல்புகள். அதில் ஒன்றுகூட மினுக்காது. மினுக்குவது சந்தைத்தனம் என்று மூன்று பக்கக் குறிப்பு எழுதி நிர்வாகத்திடம் கொடுத்திருந்தார். நிர்வாகத்துக்கு அது புரியவில்லை. புரியாததால் பாராட்டியது.

டிசம்பர் முதல் சனிக்கிழமை காலையில் அந்த அம்மாவிடம் கேட்டார்.

"எத்தனை?"

"முப்பத்தி ஒண்ணு சார். அதுல ஒண்ணு நாய்."

"நாய்னு எப்படிச் சொல்றீங்க?"

"முட்டி உயரத்துல இருக்கு. பக்கத்துலயே நக்கியும் வச்சிருக்கு."

தலைவர் நோட்டில் முப்பது என்று எழுதினார். சற்று யோசித்துவிட்டு முப்பத்தொன்று என்று திருத்தினார்.

"சந்துல ஒரு கடைக் கண்ணாடியையும் நான்தான் துடைக்கிறேன் சார். அங்க எண்ணவே முடியல. மேல இருந்து கீழ வரைக்கும் மூக்குதான். அரை வாளித் தண்ணி அதுக்கே போயிடுது."

"என்ன கடை?"

"தையல் மெஷின் ரிப்பேர்."

எந்தக் கடை என்று மேற்கொண்டு கேட்கத் தேவையில்லை. அந்தச் சந்தில் தையல் மெஷின் ரிப்பேர் செய்யும் கடை ஒன்றுதான் இருக்கிறது. அது அவருடைய சகலையின் கடை. மனைவியின் அக்கா வீட்டுக்காரர். இருபது வருஷப் பழக்கத்தில் சகலை எதைப் பற்றியும் அபிப்பிராயம் சொன்னதில்லை. அதனாலேயே தலைவருக்கு அவரைப் பிடிக்கும். அன்று காலையோடு அந்தப் பிடித்தம் முடிந்துபோயிற்று.

விஷயம் மூக்கோடு நின்றிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். டிசம்பர் முதல் சனிக்கிழமை மாலையில் அவரும் மனைவியும் நகரத்து விளக்குகளையெல்லாம் நடந்தே சுற்றிப் பார்ப்பது வழக்கம். கடைசியாக அவருடைய கடை ஜன்னல் முன்னால் வந்து நிற்பார்கள். எது நன்றாக இருந்தது என்று அவர் கேட்க, "உங்களுதுதான்" என்று மனைவி சொல்ல வேண்டும். பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அலமாரியில் நாலு கேடயம் வைத்திருக்கிறார். நாலையும் சேர்த்தாலும் அந்த ஒரு வார்த்தைக்கு ஈடில்லை. இந்த வருஷம் அந்த வார்த்தை சந்துப் பக்கம் போய்விடக் கூடாது.

ஆகவே சந்து வராதபடி ஒரு பாதையைத் தாளில் வரைந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கழுத்தில் வெள்ளை மஃப்ளரைச் சுற்றிக்கொண்டார். தன்னைக் கலைஞன் என்று ஊர் தெரிந்துகொள்வது அந்த மஃப்ளரால்தான் என்பது அவருடைய நம்பிக்கை.

ஐந்தரை மணிக்கே இருட்டியிருந்தது. பாலத்திலிருந்து தொடங்கினார்கள். கைப்பிடிச் சுவர் நெடுக நீல விளக்கு.

"நீலத்தைப் போட்டா பாலம் ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடும்" என்றார்.

"தண்ணியில தெரியறது அழகா இருக்குங்க."

"அது தண்ணியோட வேலை. இவங்க வேலை இல்ல."

நாற்சந்தியில் நகராட்சி ஒரு ராட்சத நட்சத்திரத்தைத் தொங்கவிட்டிருந்தது. அதன் ஒரு முனை எரியவில்லை. தலைவருக்கு வழியில் காசு கிடைத்த மாதிரி முகம் மலர்ந்தது. மனைவியின் தோளைத் தொட்டு அதைக் காட்டினார். எதிரே வந்த முன்பின் தெரியாத ஒரு தம்பதிக்கும் காட்டினார். மணிக்கூண்டு மைதானத்தில் நின்ற உயரமான மரத்தைச் சாய்ந்திருக்கிறது என்றார்.

"மரமே அப்படித்தாங்க வளர்ந்திருக்கும்" என்றாள் மனைவி.

அவளுக்கு ரயில் நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் வேலை. எந்த வண்டி எத்தனை மணி நேரம் தாமதமானாலும் கேட்பவர்களுக்கு முகம் கோணாமல் பதில் சொல்லிப் பழகியவள்.

மைதானத்தைச் சுற்றிப் பலகைக் கடைகள் போட்டிருந்தார்கள். மெழுகுவத்தி, கம்பளிக் குல்லாய், ஊதிச் செய்த கண்ணாடி உருண்டை, மரப்பொம்மை. மனைவி ஒவ்வொரு கடையிலும் நின்றாள். ஒரு குல்லாயைத் தலையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். வறுத்த கடலை ஒரு பொட்டலம் வாங்கி, தின்னாமல், சூட்டுக்காக இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தலைவர் கடைகளின் பின்பக்கம் போய் ஒயர்களைப் பார்த்துவிட்டு வந்தார்.

"மொட்டை பல்பு. அப்படியே தொங்கவிட்டிருக்கான்."

"கடலை நல்லா வறுத்திருக்கான்" என்றாள்.

மைதானத்தின் மறுமுனையில் தலைவர் இடது பக்கம் திரும்பினார்.

"ஆத்தங்கரையோரம் போவோம். காத்து நல்லா இருக்கும்."

"இந்தக் குளிர்ல காத்து வேறயா? அக்கா வரச் சொல்லியிருக்கா. மாமா கண்ணாடியில ஏதோ வச்சிருக்காராமே."

"அந்தச் சந்துல நிக்கவே இடம் இருக்காது. ஒரே கூட்டம்."

"ரிப்பேர் கடைச் சந்துல எதுக்குங்க கூட்டம்?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட தலைவர் வலது பக்கம் நடந்தார்.

சகலையின் கடைமுகப்பு ஒரு கட்டில் அகலம்கூட இருக்காது. அதன் முன்னால் பதினைந்து பேர் நின்றார்கள். உள்ளே நூல்கண்டுகளை அடுக்கி ஒரு தெரு. பாபின்களால் வீடுகள். தெருவின் தரை பழைய தையல் மெஷின் பெல்ட். அதன்மேல் கட்டைவிரல் உயரத்தில் தகரத்தால் செய்த ஒரு பெண், கையில் பையோடு வேலை முடிந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள். அவள் தாண்டும்போது ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு எரிந்து அணைந்தது. கடைசி வீட்டின் கதவு மெல்லத் திறந்தது. அவள் வாசலை நெருங்கும்போது கதவு மூடிக்கொள்ள, பெல்ட் அவளைக் கீழே இழுத்துக்கொண்டுபோய் மறுபடியும் தெருமுனையில் கொண்டுவந்து விட்டது. பதினைந்து பேரும் "ச்சே" என்றார்கள். ஒருவரும் நகரவில்லை. அடுத்த தடவை எப்படியும் போய்ச் சேர்ந்துவிடுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

தலைவர் பல்புகளை எண்ணினார். மொத்தம் பதினொன்று. அதில் இரண்டு டார்ச் லைட் பல்பு. எல்லாமே மினுக்கின.

"என்ன இது, பொம்மை விளையாட்டு" என்று சொல்லிக்கொண்டே திரும்பினார். மனைவி பக்கத்தில் இல்லை. ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் போயிருந்தாள். கடலைப் பொட்டலத்தை அக்குளில் இடுக்கியிருந்தாள். இரண்டு கையையும் முகத்துக்கு மறைப்பாகக் கொடுத்து, கண்ணாடியில் மூக்கை வைத்திருந்தாள்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தொழில் பழக்கம். ஒரு ஆள் ஏழு விநாடி நின்றால் ஜன்னல் பிழைத்தது. இருபது விநாடி என்றால் கேடயம் நிச்சயம். மனைவி நாலு நிமிஷம் நின்றாள். இருநூற்று நாற்பது விநாடி. அவள் மூச்சு கண்ணாடியில் படிந்தது. கையால் துடைத்துவிட்டு மறுபடியும் மூக்கை வைத்தாள். தகரப் பெண் வாசலில் தவறும்போது கூட்டத்தோடு சேர்ந்து "ச்சே" என்றாள். ஒரு தடவை தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

பதினோரு வருஷத்தில் அவள் அவருடைய கண்ணாடியில் ஒரு தடவைகூட மூக்கை வைத்ததில்லை. அது இந்த நிமிஷம்தான் அவருக்கு உறைத்தது. நாய் வைத்திருக்கிறது. இவள் வைத்ததில்லை.

சகலை எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி வெளியே வந்தார்.

"வாங்க தம்பி. நீங்க பாக்கற அளவுக்கு இதுல ஒண்ணும் இல்ல. வேலைக்கு ஆகாத சாமானை வச்சுச் சும்மா ஓட்டிப் பாத்தேன்."

அவர் கொஞ்சம் அலட்டிக்கொண்டிருந்தால்கூடத் தலைவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"பெல்ட் கொஞ்சம் உதறுது அண்ணே" என்றார்.

"ஆமா தம்பி, உதறுது. அவ நடக்கற மாதிரி தெரியறதே அதனாலதான்."

அக்கா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். மனைவியும் சகலையும் டீ குடிக்கப் போனார்கள். ஒரு போன் பேசிவிட்டு வருவதாகச் சொல்லித் தலைவர் வெளியிலேயே நின்றார். கூட்டம் சற்றுக் கலைந்திருந்தது. கண்ணாடியில் எத்தனையோ தடங்கள். ஆனால் மனைவியின் தடம் எது என்று அவருக்குத் தெரியும். அவள் நின்ற இடம், அவள் உயரம். அதைச் சுற்றி இரண்டு கைகளின் தடமும் அப்படியே பதிந்திருந்தது.

இரண்டு பக்கமும் பார்த்தார். மஃப்ளரின் நுனியை எடுத்து அதைத் துடைத்தார்.

அந்த இடம் மட்டும் பளிச்சென்று காட்டிக்கொடுத்தது. அதை மறைக்கப் பக்கத்தில் துடைத்தார். அப்புறம் அதற்குப் பக்கத்தில். தடம் முழுவதும் ஒழிந்தால் எண்ணிக்கையும் ஒழியும் என்று தோன்றவே, வேகம் பிடித்துக் கீழ்ப்பகுதிக்கு முட்டி போட்டார்.

"அந்த மூலையையும் துடைச்சிடுங்க" என்றார் பின்னாலிருந்து ஒருவர். "அங்கதான் அவ திரும்புறது தெரியல."

தலைவர் அந்த மூலையையும் துடைத்தார். கண்ணாடி சுத்தமானதும் சந்தின் எதிர்ப்பக்கம் போனவர்களுக்கும் தகரப் பெண் தெரிந்தாள். அவர்களும் கடந்து வந்தார்கள். தலைவர் எழுந்தபோது அவரைச் சுற்றி முப்பது பேர் நின்றார்கள். எல்லோரும் புது மூக்குகளோடு.

கதவு திறந்தது. சகலைக்குக் குரல் தழுதழுத்தது.

"தம்பி, என்ன இது. எவ்வளவு பெரிய இடத்துல இருக்கற ஆளு, என் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு." உள்ளே திரும்பி, "ஏய், இங்க வந்து பாரு. சொந்தத் தம்பிகூட இப்படிச் செய்வானா?"

மனைவி டீ டம்ளரோடு வந்து நின்றாள். முதலில் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு மஃப்ளரைப் பார்த்தாள். அதன் பாதி கறுத்திருந்தது. டீயைக் குடித்து முடித்தாள்.

பெருங்கடைக்குப் போகும் வழியெல்லாம் கடலையைத் தின்றுகொண்டே வந்தாள். அவருக்கு ஒன்றுகூடத் தரவில்லை.

நித்தியத்தின் மௌனம் முன்னால் வழக்கம்போல நின்றார்கள். நாற்பதாயிரம் பல்புகளும் மினுக்காமல் எரிந்தன. மனைவி பார்த்தாள். தலைவர் மனைவியைப் பார்த்தார்.

"உங்களுதுதான்" என்றாள், அவர் கேட்பதற்கு முன்பே.

"நீ மூக்கு வைக்கல."

"என்னது?"

"அங்க வச்ச. நாலு நிமிஷம். இங்க பதினோரு வருஷமா ஒரு தடவைகூட வைக்கல."

சிரித்துவிடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"இங்க நான் ஜன்னலைப் பாத்ததே இல்லைங்க" என்றாள். "எப்பப் பாக்க விட்டீங்க? ஒவ்வொரு வருஷமும் பக்கத்துல நின்னு என் மூஞ்சியையே பாத்துட்டு இருக்கீங்க. எனக்கு மூஞ்சியை நல்லா வச்சுக்கறதுக்கே நேரம் சரியா இருக்கு. நாள் முழுக்க கவுண்டர்ல வச்சுக்கறேன், வருஷத்துக்கு ஒரு நாள் இங்கயும் வந்து வச்சுக்கறேன். மாமா கடையில என்னை யாரும் பாக்கல. நான் பாட்டுக்குப் பாத்தேன்."

நிர்வாகத்துக்கு எழுதிய மூன்று பக்கத்தில் இதற்குப் பதில் இல்லை.

"அந்தப் பக்கம் போய் நில்லுங்க" என்றாள். "திரும்பி நிக்கணும். அந்த மஃப்ளரைக் கொடுத்துட்டுப் போங்க."

தலைவர் நடைபாதையின் விளிம்புக்குப் போய், தன் வாழ்நாள் சாதனைக்கு முதுகைக் காட்டி நின்றார். எதிர்சாரியில் ஒரு வங்கி. அதன் கண்ணாடிக் கதவில் அவருடைய ஜன்னலும் அதன் முன்னால் மனைவியின் முதுகும் தெளிவாகத் தெரிந்தன. கண்ணை இடுக்கினார். அதே நேரம் ஒரு பஸ் வந்து நடுவில் நின்றது. பஸ்ஸிலிருந்து ஒருவரும் இறங்கவில்லை, ஏறவும் இல்லை. டிரைவர் இறங்கி டயரைத் தட்டிப் பார்த்தார்.

தலைவர் எண்ண ஆரம்பித்தார். ஏழைத் தாண்டியது. இருபதைத் தாண்டியது. நூற்றி ஐம்பதில் அவருக்கு வியர்த்தது. இருநூறுக்கு மேல் ஒவ்வொரு எண்ணையும் முணுமுணுத்தார்.

"போலாம்" என்றாள் பின்னாலிருந்து.

இருநூற்று முப்பத்தெட்டு.

சகலைக்கு இருநூற்று நாற்பது. தான் கொஞ்சம் மெதுவாக எண்ணியிருக்க வேண்டும் என்று உடனே முடிவுசெய்துகொண்டு திரும்பினார். கண்ணாடியில் அவள் உயரத்துக்கு, தட்டு அகலத்தில் ஒரு வட்டம் துடைத்து விடப்பட்டிருந்தது. மஃப்ளர் அவள் கையில் இருந்தது.

"வச்சியா?"

"நடங்க, பஸ் கிளம்பிடும்."

"வச்சிட்டுத் துடைச்சியா, சும்மா துடைச்சியா? அதை மட்டும் சொல்லு."

அவள் பொட்டலத்தில் மிச்சமிருந்த கடலையை அவர் கையில் கொட்டிவிட்டு பஸ்ஸில் ஏறினாள்.

மறுநாள் காலையில் கண்ணாடி துடைக்கும் அம்மா வாளியை வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"இருபத்தி எட்டு சார். அப்புறம் இங்க யாரோ அழுக்குத் துணியால ஈஷி விட்டிருக்காங்க. துடைக்கத் தெரியாத ஆளு. எடுத்துடவா?"

"வேண்டாம்" என்றார் தலைவர். "அதைத் தொடாதீங்க." குனிந்து, தலையைச் சாய்த்து, வெளிச்சம் படும்படி அந்த வட்டத்தைப் பார்த்தார். பிறகு இன்னொரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். நோட்டைப் பிரித்து, பேனாவைத் திறந்து, எழுதாமல் நின்றார்.

அந்த அம்மாவுக்கு இன்னும் ஏழு கடைக் கண்ணாடி பாக்கி இருந்தது.

"எதுல சேக்கறது சார்?" என்று கேட்டார். "ஆளா, நாயா?"