கறுப்பு மண்ணில் டயர் படாது

அமெரிக்கப் பாலைவனத்தில், மோவாப் பள்ளத்தாக்கின் மலைச்சைக்கிள் பாதையில், போன வருடம் வெர்னாவின் தோள் எலும்பை முறித்த அதே பாறைப்படி முன்னால் நின்றது. கீழே இடுப்பளவு இறக்கம். சைக்கிளை நிறுத்தினாள்.

"அக்கா, ஓரமா எறங்கிடு. எல்லாரும் அப்படித்தான் போறாங்க" என்றான் தம்பி க்ளின்ட். படிக்குப் பக்கத்தில், கறுப்பாகப் பொருக்குத் தட்டிய மண்ணில் புதிதாக ஒரு தடம் விழுந்திருந்தது.

"அது உயிருள்ள மண்ணுடா. பாசியும் நுண்ணுயிரும் சேந்து கட்டுன பொருக்கு. ஒரு தடவ மிதிச்சா திரும்ப வளர அம்பது வருஷம் ஆகும். அதுல என் டயர் படாது."

"அப்ப வந்த வழியே திரும்பிடு. அறுபத்திரண்டு வயசுல இன்னொரு தடவ ஒடச்சிக்காத."

"பயந்துபோய் முன்பிரேக்கப் புடிச்சேன், ஒடஞ்சுது. வயசு என்ன பண்ணுச்சு?"

சீட்டைத் தாழ்த்தினாள். உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, முன்பிரேக்கிலிருந்து விரலை எடுத்தாள். சக்கரம் விளிம்பைத் தாண்டித் தொம்மென்று கீழே இறங்கியது. இரண்டு முறை ஆடி நேரானது.

திரும்பிப் பார்த்தாள். க்ளின்ட் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஓரத் தடத்தில் கால் வைக்கப் போனான்.

"கால எடுடா! கல்லு மேலதான் வரணும்."

"பயமா இருக்குக்கா."

"எனக்கு மட்டும் இல்லாமலா இருந்துச்சு? சீட்ட எறக்கு."