கலக்காத வெந்நீர்

ரோசேர் வாழ்நாளில் மனைவியை ஜெயித்தது பேச்சில் மட்டும்தான். வேலையில் ஆல்வினாவிடம் அவர் பாச்சா பலித்ததே இல்லை. உருளைக்கிழங்கு அறுவடை இயந்திரங்களுக்கு வெல்டிங் வைத்தே பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். போன அக்டோபரில், மூடிக்கிடந்த கிழங்குக் கிடங்கின் பின்னால், புல்லுக்குள் கிடந்த ஒரு பழைய காஸ் டேங்க்கைத் தட்டிப் பார்த்தாள். இரண்டு ஆள் நீளம் இருந்தது.

"இதை வீட்டுக்குக் கொண்டு போறோம்."

"எதுக்கு? என்னை உள்ள வச்சுப் புதைக்கவா?"

"புதைக்காம இருக்கத்தான்."

அதற்கு முந்தின வசந்தத்தில்தான் ரோசேர் நெஞ்சுவலி வந்து பிழைத்திருந்தார். மெய்ன் மாநிலத்தின் வடகோடியில் குளிர்காலம் என்றால், ராத்திரி இரண்டு தரமாவது எழுந்து படியிறங்கி அடுப்பில் விறகு திணிக்க வேண்டும். டாக்டர் கூடாது என்றுவிட்டார். ஆல்வினாவின் முழங்காலுக்கும் அந்தப் படிக்கட்டு ஒத்துவராது. லூயிஸ்டனில் இருக்கும் மகள் ஜனின் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"ஜனவரியில வந்து ஒரு ராத்திரி தங்குவேன். உங்கள்ல யாராவது கட்டை போட எழுந்தாலோ, வீடு சில்லிட்டாலோ, மறுநாளே ரெண்டு பேரையும் என் ஃப்ளாட்டுக்குக் கூட்டிட்டு வந்துருவேன்."

ரோசேர் அந்த ஃப்ளாட்டைப் பார்த்திருக்கிறார். ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுச் சுவர்.

ஆல்வினா டேங்க்கை வெட்டுவதற்கு முன் அதில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பினாள். மிச்சம் மீதி காஸ் இருந்தால் வெளியேறட்டும் என்று. அழுகின முட்டை நாற்றம் தெருக்கோடிவரை போனது. பிறகு துளை போட்டு, குழாய்க்கு வாய் வைத்து வெல்டிங் செய்தாள். சூடானால் தண்ணீர் பெருகுமே என்று அதற்குத் தனியாக ஒரு சின்னத் தொட்டி. கிழங்கு லாரிக்காரர்களின் கிரேனைக் கெஞ்சி வாங்கி, கொட்டகையில் டேங்க்கை செங்குத்தாக நிறுத்தி, பஞ்சு சுற்றிப் பலகை அடித்தாள். பகலில் பக்கத்து விறகுக் கொதிகலனை ஒரு தரம் மூட்டினால், டேங்க்கில் சேரும் வெந்நீர் ராத்திரி முழுக்கக் குழாய் வழியாக வீட்டைச் சூடாக்கும் என்பது அவள் கணக்கு. மேலிருந்து கீழ்வரை ஒரு கை அகலத்துக்கு மட்டும் இரும்பை மூடாமல் விட்டிருந்தாள். அது எதற்கு என்று ரோசேருக்குப் புரியவில்லை. கேட்கவும் ரோஷம் விடவில்லை.

வேலை முடிந்ததே ஜனின் வரவேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம்தான். மறுநாள் காலையில் கொதிகலனில் நெருப்பு மூட்டிவிட்டு, ஆல்வினா வெண்ணெய் வாங்கக் கடைக்குப் போனாள்.

மதியமாகியும் வீடு சூடாகவில்லை. ரோசேருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மகள் வந்து நிற்கப்போகிறாளே என்ற பயத்தில் கொட்டகைக்குப் போய், தண்ணீரைச் சுற்றிவிடும் பம்ப்பை முழு வேகத்துக்குத் திருகிவிட்டார்.

ஆல்வினா திரும்பி வந்து, மூடாத இரும்பில் உள்ளங்கையை மேலிருந்து கீழே இழுத்தாள். முகம் மாறியது.

"பம்ப்பைத் தொட்டியா?"

"கொஞ்சமா."

"அடப்பாவி மனுஷா! சூடு மேல நிக்கும், குளிர் கீழ நிக்கும், கலக்காம விட்டாத்தான் ராத்திரிக்கு ஆகும். இப்ப மேலயும் கீழயும் பாத்திரம் கழுவுன தண்ணி மாதிரி வெதுவெதுன்னு இருக்கு. இதை வச்சு ஒரு அறையைக்கூடச் சூடாக்க முடியாது!"

தன் கையாலேயே வீட்டைக் கோட்டைவிட்டோமே என்று பதறி, ரோசேர் மறுபடியும் பம்ப்புக்குக் கை நீட்டினார்.

ஆல்வினா அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, கொதிகலனில் காய்ந்த மேப்பிள் கட்டைகளை அடுக்கினாள். பம்ப்பைக் குறைத்து வைத்தாள்.

"கையை ஜேப்பில வச்சுக்கிட்டு உக்காரு. நான் சொல்றப்ப மட்டும் வெளிய எடு."

அவள் சொன்னபோது எடுத்தார். தலைக்கு மேலே இரும்பு சுட்டது, மார்புக்கு நேரே இன்னும் வெதுவெதுப்புதான். நடுவில் கோடு கிழித்த மாதிரி ஓர் எல்லை. அடுத்த தரம் அந்தக் கோடு மார்புக்கு வந்திருந்தது. பிறகு இடுப்பு. இருட்டும் நேரத்தில் முழங்கால். இவ்வளவு பெரிய இரும்புக்குள் சூடு எங்கே நிற்கிறது என்று உள்ளங்கையால் படிக்கத் தெரிந்தவளோடா இத்தனை வருஷம் வாயாடிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தார். பெருமையில் கண் கலங்கியது. புகை என்று சொல்லிச் சமாளித்தார்.

ஜனின் வந்து டேங்க்கைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"காஸ் டேங்க்காம்மா? இதை நம்பியா தூங்கப் போறோம்?"

"நீ தூங்கு. நம்புறதை நாங்க பார்த்துக்கிறோம்" என்றாள் ஆல்வினா. ராத்திரி கொதிகலனில் நெருப்பு தானாக அவிந்தது. யாரும் கட்டை போடவில்லை.

ரோசேர் கண் விழித்தபோது ஜன்னல் வெளுத்திருந்தது. வெளியே முற்றப் பனி கண்ணாடிபோல் இறுகிக் கிடந்தது. ஒரு தரம்கூட விழிக்காமல் தூங்கியிருக்கிறார். பயந்துகொண்டேதான் சமையலறைக்குப் போனார். மகள் மின் அடுப்பின் முன் நின்று பக்வீட் மாவில் ப்ளோய் என்கிற தோசை சுட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, மேப்பிள் பாகு எங்க வச்சிருக்கீங்க?"

அவர் அவள் பாதங்களையே பார்த்தார். இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள். ஜனவரி மாதத்தில் இரண்டு ஜோடிக் காலுறை இல்லாமல் அவள் கால் தரையில் பட்டு அவர் பார்த்ததில்லை. இப்போது வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள்.

அவர் பார்வை போன இடத்தை ஜனினும் பார்த்தாள். திருப்பியைப் பிடித்த கை அப்படியே நின்றது.

வாசற்படியில் நின்ற ஆல்வினா மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப லூயிஸ்டனுக்கு யாரெல்லாம் போறாங்க?"

"நான் மட்டும்தாம்மா."